நின்ற வண்டியின் வேகம்

தேங்காய் ஏற்றிய லோடு ஆட்டோவை நாலுவழிச் சாலையில் ஓட்டி வந்த பொன்செல்வியை இன்ஸ்பெக்டர் தேவசகாயம் மறித்தார்.

"தொண்ணூத்தி நாலு வேகம். லைசென்ஸ் மூணு மாசத்துக்குக் கிடையாது."

பொன்செல்விக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இறக்கத்தில்கூட ஐம்பதைத் தாண்டாத வண்டி அது. சற்றுமுன் ஒரு பஸ் அவளை முந்திப் போனது மட்டும் நினைவுக்கு வந்தது.

"ஐம்பதைத் தாண்டலையே சார்."

"வேகம் அளக்குற இந்த ரேடார் பொய் சொல்லாது. தப்புன்னு காட்டு, விட்டுடுறேன்."

அவள் சாலையைப் பார்த்தாள். தூரத்தில் இன்னொரு பஸ் வந்துகொண்டிருந்தது.

"அப்போ அங்க ஓரமா நிக்குற என் வண்டியை இன்னொரு தடவை பிடிங்க சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ரேடாரை ஆட்டோவை நோக்கிக் குறிபார்த்தார். ஆட்டோவுக்குப் பின்னால் பஸ் பாய்ந்து வந்தது. ரேடாரில் எண்பத்தெட்டு விழுந்தது.

"எண்பத்தெட்டுல என் வண்டியை ஓட்டுறது யாரு சார்? நான் உங்க பக்கத்துலல்லா நிக்கேன்."

இன்ஸ்பெக்டர் ஆட்டோவைப் பார்த்தார், ரேடாரைப் பார்த்தார், அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வண்டி சேர்ந்து வந்தா அது பெருசைத்தான் பிடிக்கும் சார்," என்றார் அருகில் நின்ற கான்ஸ்டபிள் மெதுவாக.

லைசென்ஸ் அவள் கைக்கு வந்தது. அவள் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் ஒரு மைல்கல்லின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்.