மீந்துபோன ஒரே ஒரு வேப்பம்பழம்

காக்கையும் கொக்கும் பேசிக்கொண்டு, கணக்கும் போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஏரிக்கரை வேப்பமரத்தில் இரண்டு காக்கைகள் குடியிருந்தன. ஒரே குடும்பத்தில் சாம்பி மூத்த மருமகள், மையி இளைய மருமகள். மையியின் கூட்டில் இன்னும் பறக்கத் தெரியாத ஒரு குஞ்சு.

ஒரு நாள் அடித்த காற்றில் பழமெல்லாம் உதிர்ந்துபோனது. இருவரும் பொறுக்கிக் குவித்தார்கள். மீதியில்லாமல் சமமாகப் பிரியும்வரை யாரும் வாய் வைக்கக்கூடாது என்று சத்தியமும் செய்துகொண்டார்கள். பிரித்தால், கடைசியில் ஒன்று மீந்தது.

"அது எனக்கு. நான்தானே மூத்தவ."

"மூத்தவங்கதான் விட்டுக்கொடுக்கணும்க்கா. சரி, ரெண்டாப் பிட்டுக்கலாமா?"

"சதை உனக்கு, கொட்டை எனக்கா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"அப்ப தூக்கி எறிஞ்சுடலாம்."

"எறியறதா? உன் குஞ்சு பசியில கத்துறது காதுல விழலையா?"

பக்கத்து மரத்துக் காக்கையைக் கூட்டி வந்து மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று மீந்தது. நாலு பேர், ஐந்து பேர் என்று பத்துப் பேர் சேர்ந்த பிறகும் அதே ஒன்று மீந்து நின்றது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் குவியல் முழுதும் ஏரிக்குத்தான்.

ஒற்றைக்காலில் நின்றிருந்த கொக்கு குவியலை எண்ணிப் பார்த்தது.

"இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொண்ணு. ஒண்ணு குறைஞ்சிருந்தா, பத்துப் பேர் வரைக்கும் யாருக்கும் சமமாப் பிரிஞ்சிருக்கும். இது முரட்டு எண்ணும்மா, எதுக்கும் மசியாது."

"அந்த ஒண்ண நீங்களே தின்னுடுங்கண்ணே," என்றாள் மையி.

"எனக்கு மீன்தான். கசப்பு ஆகாது. ரெண்டே வழிதான். ஒரே ஆள் மொத்தத்தையும் தின்னணும். இல்லைன்னா ஆளுக்கு ஒண்ணுன்னு அத்தனை பேர் வரணும்."

சாம்பி குவியலைப் பார்த்தாள். மொத்தமும் எனக்கே என்று சொல்ல வாய் துடித்தது. மேலே கூட்டில் சிவந்த வாயைப் பிளந்தபடி குஞ்சு கத்தியது. சாம்பி உச்சிக் கிளைக்குப் பறந்து, தொண்டை கிழிய "கா! கா!" என்று கூப்பிட்டாள். மையியும் சேர்ந்துகொண்டாள்.

நாலு திக்கிலிருந்தும் காக்கைகள் வந்து இறங்கின. மேகம் எது, காக்கை எது என்றே தெரியவில்லை. கொக்கு எண்ணி முடித்துத் தலையைச் சொறிந்தது.

"இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. இன்னும் ஒரு ஆள் குறையுதே!"

முதல் தூறல் விழுந்தது. சாம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது கூட்டிலிருந்து எதுவோ படபடவென்று சிறகடித்து, குட்டிக்கரணம் போட்டு, நடுவில் வந்து விழுந்தது.

"எண்ணுங்கண்ணே! இதுவும் ஆளுதான்!" என்று கத்தினாள் சாம்பி. மையியின் குஞ்சு!

ஆளுக்கொரு பழம், மீதியில்லை. யாருக்கும் வயிறு நிறையவில்லைதான். ஆனால் மறுநாள் அக்கரைக் காக்கைகள் சோறு கண்டபோது, "ஏ மையி, குஞ்சையும் கூட்டிட்டு வா!" என்று குரல் கொடுத்தன. குஞ்சு வயிறு முட்டத் தின்றது.

அன்று முதல்தான் ஒரு பருக்கையைக் கண்டாலும் காக்கை முதலில் ஊரைக் கூப்பிடுகிறது. அப்புறம் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, இன்னும் யாராவது குறைகிறார்களா என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறது.