பரிமாற ஆகாத முகம்

மடத்துச் சத்திரத்தில் பெரியம்மை புகுந்துவிட்டது. பந்தியை மேற்பார்வை பார்க்கும் சடையப்பன்தான் முதலில் படுத்தார். மற்றவர்கள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு எட்ட நின்றுகொண்டார்கள். உள்ளே ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

குரு, மாசிலாமணியை அழைத்தார்.

"நீ உள்ளே போய்க் கவனி."

பெயர்தான் மாசிலாமணி. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. மடத்தில் இருந்தவர்களுக்குக் கேலி பேச அது போதாதா? இந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சோறு இறங்காது என்று சொல்லி, அவரைப் பரிமாற விடாமல் அடுப்படியிலேயே வைத்திருந்தவர் இதே சடையப்பன். குருவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இது என்ன நியாயமோ!

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோறு போட ஆகாத மூஞ்சி, சாகறதுக்கு மட்டும் ஆகுமா சாமி?"

"நீ சாக மாட்டே. உனக்கு அம்மை எப்ப வந்துச்சு?"

"கைக்குழந்தையா இருந்தப்ப. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை."

"உன் உடம்புக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்குப் போராடிக் கத்துக்கிட்டது. வேற நோய் வந்தா அதுக்குத் தெரியாது. இந்த அம்மை வந்தா உடனே அடையாளம் கண்டு விரட்டிடும்."

"எனக்கும் ஞாபகம் இருக்கு சாமி. அந்த ஆள் சொன்ன ஒவ்வொரு சொல்லும்! நான் போக மாட்டேன்."

குரு எழுந்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு சத்திரத்தை நோக்கி நடந்தார். அவர் முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. மாசிலாமணி பதறி ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"என்ன காரியம் பண்றீங்க! உங்க உடம்புக்கு இது புதுசு. பொழைக்க மாட்டீங்க."

"சடையப்பன் உடம்புக்கும் புதுசுதான். அது கத்துக்கறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் தொண்டை நனைய வேண்டாமா?"

மாசிலாமணி செம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கோபம் மட்டும் கொஞ்சமும் தணியவில்லை.

"தண்ணி கொடுக்கறேன். ஆனா பொழைச்சு எழுந்தா அவர் மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும். அப்ப பந்தியில யார் பரிமாறறது?"

"நீங்க ரெண்டு பேரும்."

"அதை இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே சாமி?"

மாசிலாமணி பதிலுக்காக நின்று பார்த்தார். பிறகு செம்போடு உள்ளே போனார்.