வெள்ளையாய் விட்ட இடம்

மூன்று வருட உழைப்பைப் பைண்டு பண்ணி எடுத்துக்கொண்டு சூசைமாணிக்கம் சார் கையெழுத்துக்கு வந்திருந்தார். ஐம்பத்தோரு வயதுப் பள்ளி ஆசிரியர். ஆய்வு வழிகாட்டியான பேராசிரியை உலகம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அந்த அறைக்குள் வந்துவிட்டால் சார்தான் மாணவர். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஆய்வு, தேரி என்னும் செம்மணல் மேட்டில் வாழும் கருவண்டுகளைப் பற்றியது. அதிலும், முதுகு ஓடு ஒட்டிப்போய்ப் பறக்க முடியாமல் ஆன ஒரு துணைக்குடும்பம். காலின் கணுக்களை எண்ணி, உணர்கொம்பை அளந்து, பதினோரு இனங்களாகப் பிரித்திருந்தார். பிரித்ததில் உலகம்மாள் ஒரு குறையும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் வரைபடம். வண்டு கிடைத்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. மேற்கே ஒரு பெரிய துண்டு மட்டும் வெள்ளை. அதன் குறுக்கே ‘இல்லை’ என்று அழகாக எழுதியிருந்தார்.

அந்தத் துண்டில்தான் மண் அள்ள ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. வரைபடத்தின் நகலைக் கேட்டு அவர்கள் ஆள் அனுப்பியபோது சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் வேலையையும் மதிக்க நாலு பேர் இருக்கிறார்களே என்று நினைத்தார். கையெழுத்து ஆனதும் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

உலகம்மாள் பேனாவைத் திறந்தார். என்ன தோன்றியதோ, களக்குறிப்பேட்டைக் கேட்டார். சனிக்கிழமைதோறும் தேரிக்குப் போன பஸ் டிக்கெட்டுகளை சார் அதில் தேதிவாரியாக ஒட்டிவைத்திருந்தார். வாத்தியார் புத்தி, துண்டுச் சீட்டைக்கூடத் தொலைக்காது.

டிக்கெட்டில் இருந்த ஊர்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு ட்ரேசிங் தாளில் பென்சிலால் கோடு இழுத்தார் உலகம்மாள். பிறகு அந்தத் தாளை வரைபடத்தின்மேல் வைத்தார். கறுப்புப் புள்ளிகள் அத்தனையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப்போல அந்தக் கோட்டை ஒட்டியே நின்றன.

“இந்த வெள்ளையில எத்தனை நாள் தேடினீங்க, சார்?”

“அங்க பஸ் போகாதே, மேடம்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவர் எழுதிய ஒரு சொல்லை நம்பி அங்கே இயந்திரம் இறங்கியிருக்கும். பறக்கத் தெரியாத உயிர் எங்கே ஓடும்?

சார் பேச்சை மெல்ல இழுத்தார்.

“ரோடே கிடையாது, மேடம். முழங்கால் வரைக்கும் மணல் புதையும். இந்த வயசுல...”

உலகம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

“மண்ண அள்ள லாரி வரணும்ல, சார். அதுக்கு ரோடு போடுவாங்க. பின்னால பஸ்ஸும் வரும். அப்பப் போய்த் தேடுறீங்களா?”

சார் குனிந்து செருப்பின் வாரை இறுக்கினார்.