ஏரிக்கு உப்பு முறையில் பெயர் வைத்த கதை

கருங்குளத்துக்கு ராஜா விருதராஜன். பக்கத்து நாடு வெள்ளூருக்குக் கோதண்டன். எல்லையில் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஏரி வெட்டினார்கள். வெட்டி முடிக்கும்வரை சண்டை இல்லை. பெயர் வைக்கும்போது வந்துவிட்டது. இரண்டு ராஜா பெயரையும் சேர்த்து வைக்கணும். சரி, யார் பெயர் முதலில்? இதற்குப் போய்ப் படை திரட்டினார்கள்.

வெள்ளூர்த் தூதர் அரியநாச்சி சபைக்கு வந்தார். "எங்கள் ராஜா பெயர் முதலில். இல்லையென்றால் போர்."

விருதராஜன் தன் ரசாயனசாலை மாசிலாமணியைக் கூப்பிட்டார். "ஜாடிக்கெல்லாம் பெயர் எழுதுகிறவன் நீதானே? என் பெயர் முதலில் வரணும். இந்த அம்மாவும் கோபப்படக் கூடாது. முடியாவிட்டால் போரில் முதல் வரிசை உனக்கு."

மாசிலாமணிக்கு வாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உப்பு ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"இது சோடியம் குளோரைடு, மகாராஜா. சோடியமும் குளோரினும் சேர்ந்தது."

"குளோரின் என்கிறாய், குளோரைடு என்று எழுதியிருக்கிறாய்?"

"அதுதான் முறை. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கொடுக்கிறவர் பெயர் முதலில், முழுசாக. குளோரின் வாங்கிக்கொள்கிறது. வாங்குகிறவர் பெயர் பின்னால். வாலை வெட்டி 'ஐடு' ஒட்டிவிடுவோம்."

அந்தக் காலத்தில் எலக்ட்ரான் ஏது என்று கேட்காதீர்கள். மாசிலாமணிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"நல்ல முறை. ஏரிக்கும் அப்படியே வை. முதலில் நான், முழுசாக."

"உத்தரவு. விருதராஜன் கோதண்டைடு. அப்போ தண்ணீரைக் கொடுப்பது நீங்கள்."

மீசையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "கோதண்டன் பெயரே முதலில் இருக்கட்டுமே. பெரிய மனுஷன்."

"சேச்சே, நீங்கள்தான் மூத்தவர்," என்றார் அரியநாச்சி. "எங்கள் ராஜா கோதண்டைடாகவே இருந்துவிட்டுப் போகட்டும்."

"அதெப்படி? நான்தான் விருதராஜைடு."

"நாங்கள்தான் ஐடு. இல்லையென்றால் போர்."

ராஜா மாசிலாமணியைப் பார்த்தார். "இப்போ ரெண்டு பேருமே வாங்குகிறவர்கள். என்ன பெயர் வைப்பாய்?"

"இந்த முறையில் பெயர் கிடையாது, மகாராஜா. வாங்குகிறவர்கள் மட்டும் சேர்ந்தால் உப்பு ஆகாது. அதற்கு வேறு அலமாரி."

"அந்த அலமாரியில் இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?"

"பங்கு போட்டுக்கொள்வார்கள்."

முதலில் சிரித்தது அரியநாச்சி. அப்புறம்தான் ராஜா. தண்ணீர் பாதிப் பாதி என்று முடிவாயிற்று. படை வீட்டுக்குப் போனது. மாசிலாமணிக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

ஏரியை ஊர்க்காரர்கள் ஏரி என்றே சொல்கிறார்கள்.