தோள்பைக்கு வந்த மூன்று வரன்கள்

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் ஒரு நீலத் தோள்பை இருந்தது. கடையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதன் கால் தரையில் பாவவில்லை. தோள்பைக்கு ஏது கால் என்று கேட்காதீர்கள். வெளிநாடு போகப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் எதற்கும் கால் முளைத்துவிடும்.

அதை வாங்கியவர் மரகதவல்லி அம்மாள். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் யாமினி பெங்களூரில் இருந்தாள். நேபாளத்து மலைமேல் இருக்கும் முக்திநாத் பெருமாளை ஒருமுறையாவது சேவித்துவிட வேண்டும் என்பது அம்மாளின் நெடுநாள் ஆசை. இப்போதுதான் அது கைகூடி, ஒரு யாத்திரைக் குழுவில் பெயர் கொடுத்திருந்தார்.

"பனியைத் தொட்டுப் பார்க்கலாமா? மேகம் நம்ம மேலேயே உரசிக்கிட்டுப் போகுமாமே, நிஜமா?" என்று தோள்பை கேட்டுக் கேட்டு, கட்டில்மேல் பரப்பியிருந்த சாமான்களையெல்லாம் ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது.

"சும்மா கிடடி. கழுத்துல தொங்கற விலைச்சீட்டையே இன்னும் கிழிக்கலை, அதுக்குள்ள என்ன ஆட்டம்?" என்றது பெரிய பெட்டி. அது காசி, பத்ரி என்று சுற்றிவிட்டு வந்த பெட்டி. அந்தப் பெருமை அதற்கு நிறைய உண்டு. எல்லோரும் அதைப் பெட்டியத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தையின் வாயில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் பூட்டு, கேட்க வேண்டுமா? அந்த வீட்டில் யார் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதெல்லாம் பூட்டு மாமாவின் பொறுப்பு.

தோள்பைக்குள் முதுகை ஒட்டினாற்போல் ஓர் உள்ளறை இருந்தது. பெட்டியும் மற்ற சாமான்களும் விடுதியோடு நின்றுவிடும். தோள்பை மட்டும்தான் கடைசிவரை அம்மாவின் தோளில் போகும். அதனால் பயணக் காப்பீடு அந்த உள்ளறையில்தான் இருக்கவேண்டும் என்று யாமினி சொல்லியிருந்தாள். இரண்டு காப்பீடுகளின் விவரத்தை அச்சிட்டு அனுப்பி, "எது வேணும்னு பார்த்துச் சொல்லும்மா, நான் எடுத்துடறேன்" என்றாள். அம்மாள் இரண்டையும் கட்டிலில் போட்டுவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டார்.

எதையும் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக மனிதர்களுக்கு ஒரு நினைப்பு. அவர்கள் அடுப்படியில் இருக்கிற நேரத்தில் சாமான்கள் கூடிப் பேசி முடித்துவிடுவது அவர்களுக்குத் தெரிவதில்லை.

"நேபாளத்துக்கு எதுக்குக் காப்பீடு?" என்று ஆரம்பித்தது பெட்டியத்தை. "விசா கிடையாது. நம்ம நூறு ரூபாய் நோட்டு அங்க செல்லும். பெருமாளும் நம்ம பெருமாள். அது எப்படி வெளிநாடாகும்?"

"எல்லை தாண்டிப் போறோமே அத்தை!"

"கரூருக்குப் போனாலும்தான் எல்லை தாண்டறோம்." இப்படிச் சொன்னாலும் அத்தை முறை தெரிந்தது. "சரி, தேடி வந்தவங்களை வாசலோட அனுப்பக்கூடாது. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி முறையாப் பார்த்துடுவோம். பொண்ணு நீதான். ஒழுங்கா உட்காரு."

தோள்பைக்கு வெட்கம் ஒரு பக்கம், குதூகலம் ஒரு பக்கம். தன் வார்களை இழுத்து நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

பூட்டு மாமா கணீரென்று ஒருமுறை அசைந்தது. "ஒண்ணு சொல்லிட்டேன். பயணம் கிளம்பற வீடு இது. நோய், நொடி, விழுந்தேன், கிழிஞ்சேன்னு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நல்ல பேச்சு மட்டும்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் வரன் வெளியிலிருந்து வரவில்லை. பீரோவுக்குள்ளிருந்து வந்தது. பல வருஷமாக அந்த வீட்டிலேயே இருக்கும் குடும்ப மருத்துவக் காப்பீடு அது. வயது போனாலும் மிடுக்குப் போகவில்லை.

"நான் முறைமாமன் இருக்கும்போது வெளியில எதுக்கு மாப்பிள்ளை தேடறீங்க?" என்று உரிமையோடு உட்கார்ந்தது. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப யார் நின்னது? நான்தானே?"

"நீங்கதான் மாமா" என்றது தோள்பை. "முக்திநாத்துக்கும் வருவீங்களா?"

முறைமாமன் தலையைச் சொறிந்தது. "எல்லைச் சாவடி வரைக்கும் வருவேன். அதுக்கு அந்தப் பக்கம் என் பேச்சு எடுபடாது."

"அப்ப அது வெளிநாடுதான்!" என்று தோள்பை துள்ளியது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. முறைமாமன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழைய ஆபரேஷன் கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது பூட்டு மாமா ஒரு முறை முறைத்தது. அது எழுந்து பீரோவுக்கே போய்விட்டது.

இரண்டாவது வரன் வந்ததும் கட்டிலே பளபளத்தது. வழவழ காகிதம், தங்க ஓரம், நெற்றியில் பெரிய எழுத்தில் 'ஒரு கோடி'. பட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தது.

"ஒரு கோடிக்கு வைத்தியம் பார்ப்பேன்" என்றது. "தனி அறை, பெரிய டாக்டர், எல்லாம் என் பொறுப்பு. பெட்டி தொலைஞ்சா அதுக்கும் நஷ்ட ஈடு."

பெட்டியத்தைக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்தது. தன்னையும் ஒருவர் மதித்தாரே! "எவ்வளவு பெரிய இடம் பாருடி! இதைவிட என்ன வேணும்?" என்று தோள்பையின் காதில் கிசுகிசுத்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரிய இடத்தைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு அல்லவா?

சம்பந்தம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். அப்போதுதான் மூன்றாவது வரன் எழுந்தது. ஒல்லியான தாள். எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. வணக்கம் சொன்னது, உட்காரவில்லை.

"அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டது.

பெட்டியத்தை பூட்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தது.

"எவ்வளவு உயரம் போறாங்க? ஜீப்புல ஒரே நாள்ல ஏறுவாங்களா, நடுவுல தங்குவாங்களா? மேல மூச்சுத் திணறினா..."

"அபசகுனம்!" என்று பூட்டு மாமா வீடே அதிர அடித்தது. "நல்ல காரியத்துக்குக் கிளம்பற இடத்துல என்ன பேச்சு இது? யாருய்யா இவனை உள்ள விட்டது?"

"சர்க்கரை இருந்தா மட்டும் சொல்லிடுவோமா?" என்று அத்தை சீறியது. "எந்த ஊர்ல பொண்ணு வீட்டுக்காரங்க வியாதியை முன்னாடியே சொல்லி இருக்காங்க? சொன்னா நீ விலையை ஏத்துவே. எங்களுக்குத் தெரியாதா?"

"ஏறத்தான் செய்யும்" என்றது ஒல்லிக் காப்பீடு, குரலை உயர்த்தாமல். "ஆனா மறைச்சுட்டு அப்புறம் கூப்பிட்டா, நான் வந்து கையை விரிச்சுட்டு நிப்பேன். அது உங்களுக்குத்தான் கஷ்டம்." சொல்லிவிட்டு அதுவே கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டது.

அத்தை கோடி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தது. "நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. உள்ளறை உங்களுக்குத்தான். வாங்க."

தோள்பை மட்டும் அசையாமல் இருந்தது. அதற்குள் அம்மாளின் மருந்து டப்பா இருந்தது. அதில் காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகச் சர்க்கரை மாத்திரைகள் இருந்தன. அது தோள்பைக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும், பூட்டுக்கும் தெரியும். தோள்பையின் பிழைப்பே தூக்குவதுதான். அம்மாவின் தண்ணீரை நான் தூக்குவேன், சால்வையைத் தூக்குவேன், மாத்திரையைத் தூக்குவேன். அம்மாவையே தூக்க வேண்டி வந்தால்? இப்படி நினைத்ததும் அதற்குப் பயமாகிவிட்டது. இரண்டு நாள் துள்ளலில் வராத பயம் ஒரே நொடியில் வந்தது.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றது கோடி மாப்பிள்ளையிடம்.

"தாராளமா."

"மலைமேல அம்மாவுக்கு முடியாமப் போச்சுன்னு வைங்க..."

"பேசாதே!" என்றது பூட்டு.

"...அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டு வருவாங்க?"

கோடி மாப்பிள்ளை அசடு வழிந்தது. "ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்துட்டா போதும். அப்புறம் ராஜ உபசாரம்தான். வாசலுக்கு வர்றது... அதை அந்த ஊர்க்காரங்க பார்த்துப்பாங்க இல்ல? அதுவும் ரொம்ப உயரம்னா என் வேலையே கிடையாது. பொடி எழுத்துல போட்டிருக்கேனே."

தோள்பை கட்டிலின் ஓரத்துக்குத் திரும்பியது. "நீங்க?"

"முதல்ல எனக்கு ஃபோன் வரணும்" என்றது ஒல்லிக் காப்பீடு. "எந்த நேரமானாலும் எடுக்க ஆள் உண்டு. ஒரு டாக்டர் விவரம் கேப்பார். கீழ இறக்கணும்னு அவர் சொன்னா ஹெலிகாப்டர் அனுப்புவேன். அந்த உயரம் எனக்கு ஒத்துக்கும், எழுத்துல இருக்கு. என்னைக் கேக்காம நீங்களா ஒண்ணை வரவழைச்சா மட்டும் நான் பொறுப்பில்ல."

"ஹெலிகாப்டரா!" தோள்பைக்குப் பயத்திலும் ஒரு குதி வந்தது. "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. பல வருஷமா இருக்கு. மாத்திரை சாப்பிடறாங்க. ஜீப்புல ஒரே மூச்சா ஏறப்போறாங்க. எல்லாத்தையும் எழுதிக்கோங்க!"

"குடியைக் கெடுத்துட்டாளே!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டது. "உள்ளறையை மூடுங்க!" என்று பூட்டு கத்தியது. ஆனால் தோள்பையின் ஜிப்புக்குப் பூட்டு கிடையாது. அது சர்ரென்று தன்னைத்தானே திறந்துகொண்டது. ஒல்லிக் காப்பீடு உள்ளே போய் உட்கார்ந்தது. தாலியும் இல்லை, மேளமும் இல்லை, கல்யாணம் முடிந்தது.

ரசத்தை இறக்கிவிட்டு வந்த அம்மாள் தோள்பையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் படித்தார், மகளைக் கூப்பிட்டார்.

"யாமினி, இந்தப் பொடி எழுத்துல இருக்கே, இதையே போட்டுடு. சர்க்கரை இருக்குன்னும் எழுதிடு. எனக்கென்ன, சம்பந்தமா பேசறாங்க மறைக்கறதுக்கு?"

யாமினி அப்படியே எடுத்து அனுப்ப, ஒல்லிக் காப்பீடு உள்ளறைக்குத் திரும்பியது. குழு கிளம்பியது. அடடா, அந்தப் பயணம்! ஆறு ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம், ஜீப் குதித்த குதியில் தோள்பைக்கு இருப்பே கொள்ளவில்லை. ஒரே பகலில் மேலே ஏறிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் சன்னிதி. கோயில் மதிலில் வரிசையாக இருந்த மாட்டு முகக் குழாய்களிலிருந்து கொட்டும் பனித் தண்ணீரில் அம்மாள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டி, "நாராயணா, நாராயணா" என்று ஓடினார். குளிரில் பல் கிட்டியது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. பெருமாளைப் பார்த்ததும், "வந்துட்டேன்பா" என்றார். தோள்பையும் உள்ளுக்குள் அழுதது. சந்தோஷ அழுகை.

விடுதிக்குத் திரும்பியதும் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. குடித்த டீ வெளியே வந்தது. நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதுக்கு மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஒண்ணுமில்ல... ராத்திரி தூக்கமில்ல... அவ்வளவுதான்" என்றார்.

குழுவை அழைத்து வந்த சௌரிராஜன் கையைப் பிசைந்தார். "ஜீப்புல இறங்க சாயங்காலம் ஆயிடும். அதுவரை தாங்குமா?" விடுதிக்காரர் வானத்தைக் காட்டினார். நடுப்பகலானால் அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் எதுவும் பறக்காது என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஹெலிகாப்டர்காரர் ஒருத்தர் இருக்கார், கூப்பிடவா?"

உள்ளறையில் ஒல்லிக் காப்பீடு நிமிர்ந்தது. "என்னைக் கூப்பிடச் சொல்லு! முதல்ல என்னை!"

தோள்பை என்ன செய்யும்? நாற்காலியிலிருந்து குப்புற விழுந்தது. ஜிப் பிளந்து, தாள் பாதி வெளியே வந்தது. சௌரிராஜன் குனிந்து எடுத்தார். மேலேயே ஃபோன் எண் மட்டும் பெரிதாக இருந்தது. அதை அழைத்தார்.

எடுத்தார்கள். உடனே எடுத்தார்கள்! டாக்டர் வயதைக் கேட்டார், மூச்சைக் கேட்டார், உதட்டின் நிறத்தைக் கேட்டார். வேறு நோய் உண்டா என்று கேட்குமுன் அவர் முன்னாலேயே அது எழுதியிருந்தது. "சர்க்கரை, தெரியும்" என்றார். "இப்பவே இறக்கணும். ஹெலிகாப்டர் கிளம்புது. உட்காரவச்சே தூக்கிட்டு வாங்க."

மைதானத்துக்குத் தூக்கிப் போனார்கள். கொடிமரத்துத் துணிகள் ஆட ஆரம்பித்திருந்தன. காற்று முந்துமா, ஹெலிகாப்டர் முந்துமா? தோள்பை அம்மாவின் மடியில் இருந்து மலை இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் சத்தம், பிறகு ஒரு புள்ளி, பிறகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு அதுவே வந்து இறங்கியது!

பெட்டிக்கு இடமில்லை. பெட்டியத்தை விடுதி வாசலில் நின்றபடி, "அம்மாவைப் பார்த்துக்கோடி" என்றது. அதன் வாயில் தொங்கிய பூட்டு மாமா வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது: "மூச்சு எப்படி இருக்கு?"

மேகத்துக்குள் புகுந்தார்கள். கூட வந்த உதவியாளர் அம்மாவின் மூக்கில் ஆக்சிஜனைப் பொருத்தினார். கீழே இறங்க இறங்க உதட்டுக்கு நிறம் திரும்பியது. "எம்மாடி, எவ்வளவு பனி பாரு" என்று அம்மாள் முழு வாக்கியமாகச் சொன்னபோது தோள்பைக்குப் போன உயிர் வந்தது.

நேபாளத் தலைநகரத்து ஆஸ்பத்திரி. உதவியாளர் சக்கர நாற்காலியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். சௌரிராஜன் மலைமேல் இருந்தார். யாமினி பெங்களூரில் விமானச் சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தாள். பாஷை தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தாள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் முதலில் கேட்கும் கேள்வியை அவளும் கேட்டாள்:

"இவங்க கூட யாரு?"

தோள்பை தன் ஜிப்பைத் திறந்தது. உள்ளேயிருந்து அந்த ஒல்லித் தாள் எழுந்து நின்று சொன்னது:

"நான்."