கடலை இறைக்கச் சொன்ன ஓலை

மட்டிச் சிப்பிகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிளந்து சதையைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள் சந்தனமாரி. பக்கத்தில் தூளியில் பிள்ளை தூங்கினான். மூன்று நாளாக அந்தக் குப்பத்தில் மட்டிக் குழம்புதான். மீன்பிடி வள்ளங்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஏன் என்று கேட்டால், ராஜாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அலைவாய் நாட்டை அந்தக் காலத்தில் ஆண்டுவந்தவர் செண்டலங்கார பூபதி. நல்ல மனசுதான், ஆனால் யோசனைக்கு முன்னால் நாக்கு ஓடிவிடும். ஒரு நாள் திடீரென்று, "குப்பத்துக்கு எதிரே கடலில் இருக்கிற ஆமைப்பாறையில் கலங்கரை விளக்கம் கட்ட வேண்டும். யவன மேஸ்திரிகளைக் கூப்பிடுங்கள்!" என்றார்.

அந்த நாட்டில் வெளிநாட்டார் கட்டும் வேலைக்கெல்லாம் இரண்டு ஓலை உண்டு. பொது ஓலை எல்லா வேலைக்கும் ஒன்றே. தனி ஓலை என்பது அந்தந்த இடத்துக்கும் வேலைக்கும் ஏற்றபடி நிபந்தனைகளைப் புதிதாக எழுதுவது. இரண்டும் முட்டிக்கொண்டால் தனி ஓலை சொன்னதே செல்லும். அதை எப்போதும் எழுதுகிறவர் மந்திரி. இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுத்தாணியைத் தொடுவார்.

அது, அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அதிகாரியான ஓலைநாயகம் தாண்டவமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "மந்திரி எழுத ஒரு மாசம் ஆகும் பிரபு. நான் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் தருகிறேன்" என்றார். சொன்னபடி தந்தார். போன வருஷம் ஏரி மதகுக்கு மந்திரி எழுதிய தனி ஓலையை எடுத்து, 'ஏரி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கடல்' என்று போட்டார். வேலை முடிந்தது.

யவன மேஸ்திரி திமோன் அறுபது ஆளோடு வந்து இறங்கினான். மூன்று மாசம் ஆயிற்று. அறுபது பேரும் நெய்ச்சோறு சாப்பிட்டுத் தொப்பை போட்டார்களே தவிர, ஒரு கல் நகரவில்லை. ராஜா கூப்பிட்டு விசாரித்தார்.

"தனி ஓலைப்படிதான் நடக்கிறேன் அரசே. 'கடலில் நீர் இறங்கித் தரை தெரிந்ததும் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். அதுவரை சாப்பாடு அரண்மனையில்.' தினமும் மாளிகை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். கடல் அப்படியேதான் இருக்கிறது."

தாண்டவமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. "ஓலையில் பிழை இல்லை பிரபு! குப்பத்து ஜனங்கள் ஆளுக்கு நாலு குடம் இறைத்தால் கடல் இறங்கிவிடும்!"

ராஜாவின் நாக்கு ஓடிவிட்டது. "வீட்டுக்குத் தினம் நூறு குடம்! தரை தெரிகிறவரை ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது!"

இப்படித்தான் குப்பத்து அடுப்பில் மீன் இல்லாமல் போனது.

கடைசி மட்டியைப் பிளந்த சந்தனமாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் அரண்மனைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"நீயா? ஏளா, பக்கத்து வீட்டுல உப்பு கேக்கவே கூச்சப்படுவியே!" என்றான் புருஷன் மாடசாமி.

"பயலைப் பாத்துக்கிடுங்க."

சபையில் அவள் குரல் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. "உரக்கச் சொல்லம்மா" என்றார் மந்திரி.

"மகாராசா, தரை எவ்வளவு நேரம் தெரியணும்னு ஓலையில இருக்குதா?"

தேடிப் பார்த்தார்கள். இல்லை.

"அப்போ நாளைக்குப் பௌர்ணமி. விடிஞ்சதும் பாறைக்கு வாங்க. ஒரு குடம்கூட இறைக்காம தரையைக் காட்டுதேன். காட்டிட்டா வள்ளத்தை விடணும்."

"காட்டாவிட்டால்?" என்று இளித்தார் தாண்டவமூர்த்தி.

"நான் ஒருத்தியே தினம் ஆயிரம் குடம் இறைக்கேன் சாமி."

மறுநாள் விடியலில் ராஜா, மந்திரி, யவனர்கள், ஊர் ஜனம் எல்லாரும் கரையில். பாறையைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். "எங்கேயம்மா தரை?" என்று சிரித்தார் தாண்டவமூர்த்தி. சந்தனமாரி கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. அப்புறம் கணுக்காலுக்கு. அவர் சிரிப்பும் கூடவே இறங்கியது. வெயில் சுள்ளென்று ஏறும்போது ஆமைப்பாறையைச் சுற்றிப் பாசி படிந்த தரை பளபளவென்று கிடந்தது. குப்பத்துப் பெண்கள் கூடையோடு இறங்கி மட்டி பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திமோன் வாய் பிளந்தான். "எங்கள் நாட்டுக் கடல் இப்படி ஏறி இறங்குவதில்லை தாயே! சரி, தரை தெரிந்துவிட்டது. இனி என் ஆட்களின் சோறு என் பாடு. ஆனால் தண்ணீர் திரும்பி வருமே?"

"கடல் தினமும் ஏறி இறங்கும், பௌர்ணமிக்கு நல்லா வத்தும். வந்தா ஏறிக்கோங்க, போனா இறங்கிக்கோங்க. நாங்க மட்டி எடுக்கிறது அப்படித்தான்."

ராஜா எல்லாரோடும் பாறைக்கு இறங்கி நடந்து, ஓலையை வாங்கித் தானே படித்தார். "'மேஸ்திரியின் மாடுகள் நெல்வயலில் இறங்கக் கூடாது.' ஓலைநாயகரே, இங்கே வயல் எங்கே ஐயா?"

தாண்டவமூர்த்தி பதிலுக்கு வாயைத் திறந்தார். "ஐயோ!" என்றுதான் வந்தது. அவர் கால் கட்டைவிரலை ஒரு நண்டு கவ்விக்கொண்டிருந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ராஜாவும் சேர்ந்துகொண்டார்.

"கட்டி முடித்து விளக்கு ஏற்றுகிறவரை தினமும் இந்தப் பெண்களோடு இங்கே நில்லும். தண்ணீர் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எழுதி மேஸ்திரியிடம் கொடும். கூடையும் உம் தலையில்தான்!" என்றார். பிறகு குரல் தணிந்தது. "மூன்று நாள் உங்களை அரைப்பட்டினி போட்டது என் நாக்கு. வள்ளங்கள் இறங்கட்டும். முதல் விளக்கை நீதான் ஏற்ற வேண்டும் அம்மா. மந்திரியாரே, புதுத் தனி ஓலையை இங்கேயே எழுதும். முதல் நிபந்தனையை இவள் சொல்லட்டும்."

மந்திரி ஈரப் பாறையில் உட்கார்ந்து எழுத்தாணியை எடுத்தார். சந்தனமாரிக்கு முகமெல்லாம் சிவந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஓலை எழுதுறவங்க மொதல்ல அந்த எடத்துல எறங்கி, காலு நனைஞ்சு, அங்க பொழைக்கிறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டு, அதுக்கப்புறம்..."

"ஏளா சந்தனமாரி! வள்ளம் எறங்குது, ஓடியா, பயலை வாங்கிக்க!" என்று கரையிலிருந்து கூவினான் மாடசாமி.