சேற்றில் முக்கி நட்ட கடைசிக் கன்று

அந்தக் காலத்தில், கன்றும் கொடியும் வாய்திறந்து பேசிய நாளில், ஆற்றங்கரையில் செங்காயி என்றொருத்தி வாழை வைத்திருந்தாள். அவள் தோட்டத்துக்கு வாடல் நோய் வந்தது. இலை பழுத்துத் தொங்கியது. தண்டு அடியில் வெடித்தது.

"நோவு மண்ணுலதான் இருக்கு," என்றாள் செங்காயி. அதன்பிறகு எந்தக் கன்றைப் பெயர்த்தாலும் வாய்க்காலில் வைத்து, பொட்டு மண் இல்லாமல் தேய்த்துக் கழுவித்தான் நட்டாள்.

"பெத்த பிள்ளையைக்கூட நீ இப்படிக் குளிப்பாட்டினதில்ல," என்று சிரித்தான் அவள் புருஷன் மாசாணன்.

கழுவி நட்ட கன்றுகள்தான் முதலில் செத்தன. அவன் சிரிப்பும் நின்றது.

நோய் ஊர் ஊராகப் பரவி, கடைசியில் கரையோரம் தானாக முளைத்த ஒரு மரமும் அதனடியில் ஒரு கன்றும் மிஞ்சின. பூமியில் வாழை என்று இருந்தது அவ்வளவுதான். ஆறோ கரையை அறுத்துக்கொண்டே வந்தது. பொழுது சாய்வதற்குள் மரம் போய்விடும். செங்காயி கன்றைப் பெயர்த்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். கழுவக் கை வைத்ததும் கன்று பேசியது.

"கழுவாதீங்கம்மா. அவங்க போயிருவாங்க."

"யாரு?"

"என் வேரைச் சுத்திக் குடியிருக்கிறவங்க. கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. வாடலை உள்ளே விடாம மறிக்கிறது அவங்கதான். வேர்ல கசியிற தித்திப்புதான் அவங்களுக்குச் சாப்பாடு."

"செத்ததெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லிச்சு. நீங்க அழுதுக்கிட்டே தேய்ச்சீங்க. கேக்கல."

செங்காயி கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நோயே கன்றின் வாயால் பேசுகிறதோ?

"என்ன யோசனை? கழுவு புள்ள, இருட்டுது," என்றான் பின்னாலேயே வந்த மாசாணன்.

அவள் கரையோர மரத்தைப் பார்த்தாள். இலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அவள் கைபட்டுக் கழுவாத மரம் அது ஒன்றுதான்.

கன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். காலடியில் கரை விண்டது. மரத்தின் தூரில் அவர்கள் குடியிருக்கும் மண்ணை மடி நிறைய வாரிக்கொண்டு அவள் பின்வாங்கவும், மரம் ஆற்றில் சாயவும் சரியாக இருந்தது.

அந்த மண்ணைக் குழம்பாகக் கரைத்து, கன்றைக் கிழங்கு மறைய முக்கி, மற்றவை செத்த அதே குழியில் நட்டாள். எட்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் குருத்து விரிந்தது, பச்சையாக.

அன்று முதல்தான் வாழைக் கன்றைச் சேற்றுக் குழம்பில் முக்கி நடுகிறார்கள். முக்கும்போது ஒரு நொடி பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள், கன்று ஏதாவது சொல்கிறதா என்று.